றப்பர்க் கணவாய்

ரொறன்ரோ
13.04.1997

அன்புள்ள அத்தானுக்கு,

சீனித்தம்பி சொல்லி எழுதுவிக்கிறது. இங்கை நான், கமலாம்பிகை, பிள்ளையள் ரெண்டு பேரும் மூச்சோடும் பசியோடும் இருக்கிறம். நீங்களும் அக்காவும் அங்கை அப்பிடியே இருக்கவேணும் எண்டு பத்திரகாளி அம்மனிலை பாரத்தைப் போட்டுத் தொடங்குறன்.

இதைக் கமலா எழுதுறா. நான் கதிரையிலை இருந்து சொல்லுறன். நாளைக்கு வருசப் பிறப்பு. வெளியாலை இன்னும் பனி கிடக்கு, கறுத்துப்போய், கரிச்சட்டி கழுவி ஊத்தின மாதிரி. கமலா பொங்க வேணும் எண்டு நிக்கிறா. போன வருசம் பொங்கேக்கை புகை மணி அடிச்சு, பதினாலு மாடிச் சனமும் படியாலை இறங்கி வந்து பனிக்குள்ளை நிண்டது. அந்தக் கதையை விட்டால் பேப்பர் முடிஞ்சிடும்.

ஏன் வீட்டு விலாசத்துக்குப் போடாமல் உங்கடை இரும்புக்கடைக்குப் போட்டிருக்கிறன் எண்டு யோசிப்பியள். மாசி மாதம் இருபதாம் திகதி வேலையிலை என்ரை வலக்கை அகப்பட்டுப் போச்சு. பிறம்ரனிலை நான் நிக்கிற கிடங்கிலை பெட்டியள் ஓடி வாற பட்டி ஒண்டு இருக்கு. ஒரு பெட்டி குறுக்காலை நிண்டுட்டுது. பட்டியை நிப்பாட்டிப்போட்டுத்தான் கை வைக்கவேணும். நான் நிப்பாட்டேல்லை. கை உருளைக்குள்ளை போயிட்டுது. விரல் அஞ்சும் இருக்கு, பயப்பிடாதேங்கோ. ஆனால் கடைசி மூண்டு விரலின்ரை நரம்பும் அறுந்து, வெட்டித் தைச்சவங்கள். இப்ப அந்த மூண்டும் மடங்காது. பிசியோக்காரப் பெட்டை ஒரு றப்பர்ப் பந்தைத் தந்து ஒரு நாளைக்கு இருநூறு தரம் நசி எண்டிருக்கிறா. மனுசன் சும்மா இருந்து பந்து நசிக்கிறதோ, அத்தான்?

புரட்டாசி நடுவிலை, செப்ரெம்பர் பதினாறாம் திகதி, பெரிய டொக்டர் பாப்பார். அண்டைக்குத்தான் சொல்லுவினம், கை வேலைக்கு உதவுமோ, இல்லாட்டி இனி இப்பிடித்தானோ எண்டு. வீச்சு வலை எறிஞ்ச கை அத்தான். இப்ப சேட்டுப் பொத்தானைக் கமலா பூட்டிவிடுறா.

அக்காவுக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. ஏழு வயதிலை என்ரை காலை மட்டிச் சிப்பி வெட்டினதுக்கு அவ மூண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவ. இப்ப பிறசரும் இருக்கு. உங்கடை வாய்க்கை வைச்சுக்கொள்ளுங்கோ.

பதிலைக் கெதியாய்ப் போடுங்கோ, அக்கா கேட்டால் இரும்பு விலை எழுதினதெண்டு சொல்லுங்கோ. கமலா சிரிக்கிறா.

உங்கள் மைத்துனன்
சீனித்தம்பி


திருகோணமலை
08.05.1997

அன்புள்ள தம்பி சீனித்தம்பிக்கு,

அன்புராசா அத்தான் எழுதுவது. இங்கை வெயில் மண்டையைப் பிளக்குது. மற்றும்படி நானும் உம்முடைய அக்கா தங்கேஸ்வரியும் சுகமாய் இருக்கிறம். கமலாவும் பிள்ளையளும் சுகமோ. கடிதம் கடைக்கு வந்து சேர்ந்தது.

எழுத்தைப் பாத்து யோசியாதையும். என்ரை கண்ணாடி உடைஞ்சு போச்சு. பக்கத்து வீட்டு மரியம்மா ரீச்சரைக்கொண்டு எழுதுவிக்கிறன். அவ வெளியிலை கதைக்கிற ஆள் இல்லை.

 விரல் அஞ்சும் இருக்கெண்டு வாசிச்சபிறகுதான் தண்ணி குடிச்சம். பட்டியை நிப்பாட்டாமல் கை வைச்சது பிழை. அதுக்கு நான் ஏசேல்லை, உம்முடைய அக்காவுக்குத் தெரிஞ்சால் ஏசியிருப்பா.

பந்து நசிக்கப் பிடிக்கேல்லை எண்டால் கையை வேறை ஏதாவது வேலையிலை பழக்கும். சும்மா மட்டும் வைச்சிருக்கவேண்டாம். சும்மா கிடந்த கை சும்மாதான் கிடக்கும். இரவிலை நல்லெண்ணை சூடாக்கி, மணிக்கட்டிலையிருந்து விரல் நுனிக்கு உருவச் சொல்லிக் கமலாவுக்குச் சொல்லும். மேலை இருந்து கீழைதான், திருப்பி இல்லை.

இங்கை உம்முடைய அக்கா வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருக்கிறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது.

அன்புடன்
அத்தான்


ரொறன்ரோ
01.06.1997

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கடை கடிதம் கண்டு பாதிச் சுமை இறங்கினது. நல்லெண்ணை உருவுறம். வீடு முழுக்க நல்லெண்ணை மணம். மகள் பள்ளிக்கூடத்துக்கு உடுப்பைப் பையிலை கட்டிக் கொண்டுபோய் அங்கை மாத்துறாள். அக்கா சுகமாய் இருப்பா எண்டு நம்புறன். கண்ணாடியைக் கெதியாய்ச் செய்வியுங்கோ.

சும்மா இருக்காதை எண்டு எழுதினியள். அது தன்ரை பாட்டிலை நடந்தது. எங்கடை டோர்செட் பார்க் கட்டடத்திலை ஒன்பதாம் மாடியிலை அகஸ்ரின் அண்ணை எண்டு ஒருத்தர். பாசையூர் ஆள். பேக்கரி வான் ஓடுறவர். அவருக்குப் பாஸ் எண்டு ஒரு மீனிலை பைத்தியம். ஏரி மீன். பச்சை உடம்பு, பெரிய வாய், கடன்காரனைக் கண்ட முகம். அவர் என்ரை கையைப் பாத்திட்டு, "சீனி, உந்தப் பந்தை நாய்க்குக் குடு. என்னோடை வா" எண்டார்.

உங்களுக்கு உது விளங்காது அத்தான். வவுனியாவிலை வயலுக்கை பிறந்த உங்களுக்குத் தண்ணி கணுக்காலுக்கு மேலை ஆகாது. கலியாணம் முடிச்ச புதுசிலை அக்கா உங்களைத் தோணியிலை ஏத்தினதும், நீங்கள் பாய்மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு திருவாசகம் சொன்னதும் எனக்கு மறக்காது. எண்டாலும் சொல்லுறன்.

இந்த ஏரியளிலை ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாலை தண்ணிக்குள்ளை வள்ளம் கட்ட மரத்தாலை சின்ன ஜெற்றி கட்டியிருக்கும். வெயில் ஏறினால் பாஸ் அதுக்குக் கீழை நிழலிலை போய் நிக்கும். மேலையிருந்து இரையைப் போட்டால் பலகையிலைதான் விழும். தண்ணிக்கும் பலகைக்கும் நடுவிலை ஒரு முழம்தான் இடைவெளி. அதாலை இரையைத் தண்ணிமேலை தத்தவிடவேணும். தத்தித் தத்தி உள்ளுக்கை போகவேணும்.

தூண்டில் சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் மண்டபம் மாதிரிக் கடை. தடியிலை மட்டும் நாநூறு சாதி. நூல் சுத்துற றீலிலை ரெண்டு சாதி, ஒண்டு தடிக்கு மேலை குந்தியிருக்கும். அதை எறியேக்கை பெருவிரலாலை அமத்திப் பிடிக்கத் தெரியவேணும், இல்லாட்டி தங்கூசி நூல் சிக்குப்பட்டுக் குருவிக்கூடு கட்டிப்போடும். நான் இப்ப இடக்கையாலை எறியிற ஆள், என்ரை இடக்கைப் பெருவிரலுக்கு அந்தப் புத்தி இல்லை. கடையிலையே ரெண்டு கூடு கட்டிக் காட்டினன். மற்ற றீல் தடிக்குக் கீழை தொங்குறது. அது குழப்படி செய்யாது, இலேசான இரையையும் கொண்டுபோகும். அதை எடுத்தம், அகஸ்ரின் அண்ணை தன்ரை காசிலை வாங்கினார். தடி ஆறடி, அதுக்கு மேலை வேண்டாம் எண்டார். தாழ வைச்சு எறியேக்கை நீளத் தடி தண்ணியிலை அடிக்குமாம். தங்கூசி பத்து இறாத்தல் தாங்கிறது. இடக்கையாலை எறிஞ்சு வலக்கையாலை சுத்தவேணும். அந்தச் சின்னப் பிடியைச் சுத்துறதே என்ரை மூண்டு விரலுக்கும் பயிற்சி.

இனி இரை. அத்தான், அதுதான் பகிடி. றப்பராலை செய்த ஊசிக்கணவாய்க் குஞ்சு. உருண்டை உடம்பு, பின்னாலை தும்புத் தும்பாய்க் கால். ஈயக்குண்டு உடம்புக்குள்ளை. தூண்டில் முனையையும் றப்பருக்குள்ளை ஒளிச்சு வைக்கிறது, மரத்திலை கொழுவாமல். இந்த ஏரி மீன்ரை பரம்பரையே கடல் கணவாயைக் கண்டிராது. எண்டாலும் விழுங்குதாம். காணாததிலை ஆசை எல்லாருக்கும் இருக்கு.

ஆனி கடைசிச் சனி வரைக்கும் பாஸ் பிடிக்கக்கூடாது, சட்டம். அதாலை முனையை வெட்டிப்போட்டு, கட்டடத்துக்குப் பின்னாலை மழைத் தண்ணி தேங்கின குழியிலை பழகுறன். கட்டடம் பாக்கிற மனுசன் வந்து என்ன செய்யிறியள் எண்டு கேட்டான். அகஸ்ரின் அண்ணை சொல்லுறார், "தண்ணி ஒழுகுது ஒழுகுது எண்டு நாலு மாசமாய்ச் சொன்னம். இப்ப பார், மீன் வந்திட்டுது."

ஆனால் தத்தேல்லை. எறிஞ்ச இடத்திலை தொப்பெண்டு தாழுது. சின்னனிலை எங்கடை ஊர் உப்பாற்றிலை அக்கா ஓட்டுத்துண்டு எறிஞ்சால் எட்டுத் தரம் தத்தும். நான் எறிஞ்சால் அப்பவும் தொப்புத்தான். அவவைக் கேக்கலாம் எண்டால் விசயம் வெளியாலை வந்திடும்.

கமலாவுக்குக் கை நோகுதாம். நிப்பாட்டுறன்.

சீனித்தம்பி


திருகோணமலை
22.06.1997

அன்புள்ள தம்பிக்கு,

எங்களுக்குச் சுகத்திலை குறை இல்லை. உங்கடை நாலு பேரின்ரை சுகமும் அடுத்த கடிதத்திலை வரவேணும். கண்ணாடி இன்னும் செய்யேல்லை, மரியம்மாதான் எழுதுறா.

திருவாசகம் சொன்ன கதையை இனி எழுதவேண்டாம். ரீச்சர் சிரிச்சு மை சிந்திப்போட்டா.

ஓட்டுத்துண்டு விசயம். ஏதோ பழங்கதை கேக்கிற மாதிரி உம்முடைய அக்காவைக் கேட்டன். அவ சந்தேகப்படாமல் சொன்னா. சொன்னபடி எழுதுறன்.

நேரை பாத்து நிக்கக்கூடாது. பக்கவாட்டிலை நிண்டு முழங்காலை மடக்கவேணும். கை இடுப்புக்குக் கீழை. விளக்குமாத்தாலை முத்தம் கூட்டுற மாதிரிக் கொண்டுவரவேணும், தேங்காய் உடைக்கிற மாதிரி இல்லை. தூக்கி எறிஞ்சால் ஓடு தண்ணியைக் குத்தும். கூட்டி எறிஞ்சால் தண்ணி ஓட்டைத் தாங்கும். கடைசியிலை மணிக்கட்டை ஒரு வெட்டு. அந்த வெட்டு இல்லாட்டி ஒண்டும் இல்லை.

பிறகு இன்னொண்டு. விழப்போற இடத்தைப் பாக்கக்கூடாது. போய் முடியப்போற இடத்தைத்தான் பாக்கவேணும். சீனிக்கு அப்ப இதைச் சொன்னால் கேக்கமாட்டான், விழுற இடத்தையே பாத்துக்கொண்டு நிப்பான், அதுதான் தாழுறது எண்டு அக்கா சொன்னா.

எண்ணை உருவுறதை விடவேண்டாம்.

அத்தான்


ரொறன்ரோ
30.06.1997

என் அன்பான அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உங்கடை பிறசர் எப்பிடி? எனக்கு வேலை கூட, பேனை பிடிக்க நேரம் இல்லை. அதாலை கமலா எழுதுறா. மற்றும்படி ஒரு குறையும் இல்லை. வெயில் நல்லாய் எறிக்குது. சனி, ஞாயிறிலை அகஸ்ரின் அண்ணை எண்டு ஒருத்தரோடை ஏரிக் கரைக்குக் காத்து வாங்கப் போறனான்.

பிறசர்க் குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ. அத்தானைக் கண்ணாடி செய்விக்கச் சொல்லுங்கோ.

உங்கள் தம்பி
சீனி


திருகோணமலை
21.07.1997

அன்பான தம்பி சீனிக்கு,

கடிதம் கிடைச்சுது, மரியம்மா ரீச்சர் வாசிச்சுக் காட்டினா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்றுப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் உன்ரை பேரிலை அருச்சனை செய்தனான். ஏன் எண்டு கேளாதை, சும்மாதான்.

கமலாவின்ரை எழுத்து வடிவாய் இருக்கு. எண்டாலும் அஞ்சு மாசமாய் உன்ரை எழுத்தைக் காணேல்லை. உனக்கு வேலை கூட எண்டு எனக்குத் தெரியும். நேரம் கிடைக்கேக்கை ஒரு வரி உன்ரை கையாலை எழுது. அவசரம் இல்லை. கை ஓயும்போது எழுது.

காத்து வாங்கப் போற இடத்திலை காலைக் கவனி. அங்கையும் மட்டி இருக்கும்.

அக்கா
தங்கேஸ்வரி


ரொறன்ரோ
10.08.1997

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளையளும் கமலாவும் சுகம். என்னைப் பற்றிப் பிறகு சொல்லுறன். நீங்களும் அக்காவும் சுகமாய் இருக்கவேணும்.

முதல் ஒண்டு கேக்கவேணும். அக்காவுக்கு ஏதும் தெரியுமோ? கை ஓயும்போது எழுது எண்டு எழுதியிருக்கிறா. அதை வாசிச்சு எனக்கு வேர்த்துப்போச்சு. நீங்கள் நித்திரையிலை ஏதும் உளறினீங்களோ?

இனி நடந்ததைச் சொல்லுறன். ஆனி கடைசிச் சனி தொடக்கம் ஒவ்வொரு கிழமையும் ஸ்கூகொக் ஏரிக்குப் போனம். சின்ன அலுமினிய வள்ளம் வாடகைக்குத் தருவாங்கள். அக்கா சொன்ன மாதிரி முத்தம் கூட்டினன். முடிய வேண்டிய இடத்தைப் பாத்தன். மூண்டாம் கிழமை ரெண்டு தத்துத் தத்தி உள்ளுக்கை போட்டுது, அத்தான். இடக்கையாலைதான். தங்கூசி இழுபட்டுது. பாஸ் ஒண்டு கவ்விக்கொண்டு ஜெற்றிக் காலைச் சுத்தி ஒரு பிரதட்சணம் வந்து அறுத்துக்கொண்டு போட்டுது. நிழலுக்கை கவ்வினவுடனை பக்கவாட்டிலை இழுத்து வெளியாலை எடுத்துப்போட வேணுமாம், கும்பிட்டுக்கொண்டு நிக்கக்கூடாதாம்.

போன ஞாயிறு அகஸ்ரின் அண்ணை சொன்னார், "சீனி, றீலின்ரை பிடியை மற்றப் பக்கம் மாத்து. இண்டைக்கு வலக்கையாலை எறி. டொக்டருக்கு இன்னும் ஒண்டரை மாசம்தானே." மாத்தினன். பச்சை ஜெற்றி ஒண்டு, அதிலை வெள்ளைக்காரக் கிழவி ஒண்டு கதிரை போட்டுப் பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்தா. கூட்டி எறிஞ்சன். கணவாய் போகேல்லை. தடிதான் போனது. மூண்டு விரலும் பிடிக்காமல் விட்டிட்டுது. அகஸ்ரின் அண்ணையின்ரை தடி ஈட்டி மாதிரிப் போய்த் தண்ணிக்கை இறங்கிப்போட்டுது. கிழவி பேப்பரைக் கீழை வைச்சிட்டு எழும்பிப் பாத்தா. அகஸ்ரின் அண்ணை தண்ணியை எட்டிப் பாத்திட்டு, "தடி தத்தேல்லை. உனக்கு முத்தம் கூட்டத் தெரியாது" எண்டார். பகிடிக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஒரு தடியைப் பிடிக்காத கை பெட்டியைப் பிடிக்குமோ? டொக்டர் பாக்கமுதலே நான் பாத்திட்டன். இனி ஏரிக்குப் போறேல்லை.

சீனித்தம்பி

அத்தான், கீழை நான் கமலா எழுதுறன். இவர் சொல்லாத வரி. இவர் ஒரு கிழமையாய் ஒழுங்காய்ச் சாப்பிடுறேல்லை. எண்ணை பூசவும் விடுறேல்லை. அகஸ்ரின் அண்ணை ரெண்டு தரம் வந்து கதவைத் தட்ட, நித்திரை எண்டு சொல்லச் சொன்னார். நீங்கள் எழுதினால் கேப்பார்.


திருகோணமலை
27.08.1997

தம்பி சீனித்தம்பிக்கு,

உம்முடைய கடிதமும் கமலாவின்ரை வரியும் கிடைச்சது. சுகம் விசாரிக்க நேரம் இல்லை, செப்ரெம்பர் பதினாறுக்கு முதல் இது வந்து சேரவேணும். ரீச்சர் தானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோறா.

தடி போனது கையாலை இல்லை, பிடியாலை. நல்லாய்க் கேளும். எறியிறது பெருவிரலும் சுட்டுவிரலும். மற்ற மூண்டும் சும்மா சேர்ந்து பிடிக்கிறதுக்கு. அந்த மூண்டுக்கும் பலம் குறைவெண்டால் பிடியைத் தடிப்பாக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடா மாதிரி வெட்டிப் பிடியிலை இறுக்கிச் சுத்தும். வழுக்காது. விரலும் பாதி மடங்கினால் காணும். நான் உப்பாற்றிலை எறிஞ்ச ஓடெல்லாம் ரெண்டு விரலாலை எறிஞ்சதுதான். மற்ற மூண்டும் சும்மா பாத்துக்கொண்டு வந்தது.

பிறகு, சாப்பிடாமல் கிடக்கிறதை விடும். ஒரு வீட்டிலை ஒராள் சாப்பிடாமல் கிடந்தது காணும்.

போய் எறியும். தாழ்ந்தால் தாழட்டும். தாழுறது றப்பர்தானே.

அத்தான்


ரொறன்ரோ
17.09.1997

என் அன்பான அக்காவுக்கு,

இதை வீட்டு விலாசத்துக்கே போடுறன். கமலாதான் எழுதுறா, ஆனால் இண்டைக்கு ஒளிச்சு எழுதேல்லை. உங்கடை சுகம் எப்பிடி எண்டு கேட்டு, எங்கடை சுகத்தை உள்ளபடி சொல்லப்போறன்.

வெள்ளிக்கிழமை அத்தான் பேரிலை ஒரு கடிதம் வந்தது. வாசிச்சிட்டுச் சனிக்கிழமை முழுக்கச் சைக்கிள் ரியூப் தேடினம். இந்த ஊரிலை பழைய ரியூப் எடுக்கிறது பெரிய பாடு. எல்லாரும் புதுசு வாங்கிப் பழசை எறிஞ்சு போடுவினம். கடைசியிலை அகஸ்ரின் அண்ணை தன்ரை பேத்தியின்ரை சைக்கிளைக் கழட்டினார். பிள்ளை அழுதது. அதுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தம். அகஸ்ரின் அண்ணையின்ரை மற்றத் தடியிலை ரியூப்பை வெட்டிச் சுத்தினம்.

ஞாயிறு வள்ளத்திலை போறம். காத்து இல்லை, தண்ணி கண்ணாடி. அந்தப் பச்சை ஜெற்றிக்குக் கிட்டப் போக, கிழவி எழும்பிக் கையைக் காட்டுறா. பக்கத்திலை கதிரையோடை சாத்தி வைச்சிருக்கு, அண்டைக்குத் தண்ணிக்கை போன அகஸ்ரின் அண்ணையின்ரை தடி. அவவின்ரை மகன் சுழியோடி எடுத்ததாம். ஆறு கிழமையாய் எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவவாம். அகஸ்ரின் அண்ணை தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டார். அவவும் திருப்பிக் கும்பிட்டா, ரெண்டு கையிலையும் பேப்பரோடை.

பிறகு அவவே தன்ரை ஜெற்றிக்குக் கீழை காட்டி, எறி எண்டா. நான் வலக்கையாலை பிடிச்சன். மூண்டு விரலும் பாதிதான் மடங்கினது. ரியூப் பிடிச்சுக்கொண்டுது. முதலாவது தொப்பெண்டு தாழ்ந்தது. ரெண்டாவது பலகையிலை பட்டு என்ரை மடிக்கே திரும்பி வந்தது. மூண்டாவதுக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு, மற்ற மூண்டும் சும்மா பாத்துக்கொண்டு வரட்டும் எண்டு நினைக்கேக்கைதான், அக்கா, எனக்கு உறைச்சது. அத்தான் உப்பாற்றிலை ஓடெறிஞ்சாரோ? அந்த மனுசன் உப்பாற்றைக் கலியாணத்துக்குப் பிறகுதானே கண்டது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

வள்ளத்துக்குள்ளை நான் சிரிக்கத் தொடங்கிட்டன். சிரிப்போடை எறிஞ்சன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு தத்து. கணவாய் நிழலுக்கை போய் மறைஞ்சது. நான் விழுற இடத்தைப் பாக்கேல்லை, அக்கா. பிறகு தங்கூசி நடந்தது. பக்கவாட்டிலை இழுத்தன். ஒரு முழ நீளம், நாலு இறாத்தல் வரும். வாயைப் பிடிச்சுத் தூக்கினது என்ரை வலக்கை.

குழம்பு வைக்கக் கமலா மிளகாய் அரைச்சு வைச்சிருந்தா. நான் மீனைத் திருப்பி விட்டிட்டன். அகஸ்ரின் அண்ணை மூண்டு நாளாய் என்னோடை கதைக்கேல்லை.

நேற்று டொக்டர். ஒரு இரும்புப் பிடியை நசிக்கத் தந்தார். நசிச்சன். அதிலை அளவு காட்டுற ஊசி ஏறினது. திரும்பவும் நசி எண்டார். ஏறினது. "பந்து இருநூறு தரம் நசிச்சனியோ?" எண்டு கேட்டார். "இல்லை ஐயா, கணவாய் எறிஞ்சனான்" எண்டன். மொழிபெயர்த்த பெட்டை என்னை ஒரு மாதிரிப் பாத்தது. சின்னவிரல் முழுக்க மடங்காதாம், மற்றதெல்லாம் சரியாம். ஐப்பசி, ஒக்ரோபர் ஆறாம் திகதி வேலைக்குப் போகலாமாம். வெளியாலை வந்து பஸ்சுக்கு நிக்கேக்கை கமலா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மூண்டு பஸ் போனது, நாங்கள் ஏறேல்லை.

இப்ப சொல்லுங்கோ. எப்ப தொடக்கம் தெரியும்?

கீழை இருக்கிற கையெழுத்து மட்டும் நானே போட்டது.

சீனித்தம்பி


திருகோணமலை
06.10.1997

என்ரை தம்பி சீனிக்கு,

இண்டைக்கு நீ வேலைக்குப் போற நாள். அதாலை விடியவே இருந்து எழுதுவிக்கிறன். நாங்கள் நல்ல சுகம். இந்த முறை உண்மையாய்.

முதல் கடிதத்திலையே தெரியும்.

அத்தானுக்குக் கண்ணாடி உடையேல்லை. ரெண்டு கண்ணிலையும் பூ விழுந்து, பொங்கலுக்கு முதலே எழுத்துத் தெரியாமல் போச்சு. உனக்குச் சொன்னால் நீ அங்கை கிடந்து யோசிப்பாய் எண்டு சொல்லவேண்டாம் எண்டவர். எனக்கும் வாசிக்க எழுத வராது, வெளிநாட்டுக் கடிதம் வந்தால் எங்கடை வீட்டிலை எல்லாரும் இருந்துதான் கேக்கிறது எண்டு உனக்குத் தெரியும்தானே. கடைக்கு வந்தாலும் என்ன, மனுசன் அதை உறை கிழிக்காமல் சேட்டுப் பையுக்கை வைச்சுக் கொண்டுவந்து, மரியம்மாவைக் கூப்பிட்டு முத்தத்திலை இருத்தி, "தங்கேஸ், தம்பியின்ரை கடிதம், வா" எண்டார். மரியம்மா உரக்க வாசிச்சா. பள்ளிக்கூடத்திலை வாசிச்ச குரல், மூண்டு வீட்டுக்குக் கேக்கும். கையைச் சொன்னா, உருளையைச் சொன்னா, நரம்பைச் சொன்னா, பிறகு "அக்காவுக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ" எண்டதையும் வாசிச்சு முடிச்சிட்டுத்தான் வாயைப் பொத்தினவ. நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தனான். அது நல்லதாய்ப் போச்சு, என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.

அத்தான் சொன்னார், "இனி நீ சொல்லு, என்ரை பேரைப் போடு. அவன் ஒளிச்சதாய் நினைச்சுக்கொண்டு இருக்கட்டும், அதிலை அவனுக்கு ஒரு தெம்பு." அதாலை நான் சொன்னன், மரியம்மா எழுதினா. சீனிக்கு நீர், வாரும் எண்டு சொல்ல எனக்கு நாக்குக் கூசினது. உப்பாற்று வரியை மரியம்மா எழுதேக்கை, "உது அத்தானுக்குப் பொருந்துமோ" எண்டு கேட்டவ. நான் கோபத்திலை இருந்தனான். எழுதுங்கோ எண்டன். நீ சாப்பிடாமல் கிடந்த கோபம்.

மூண்டு நாள் இந்த முறையும் நான் சாப்பிடேல்லை. சித்திரையிலை. இப்பதான் சொல்லுறன். பிறகு யோசிச்சன், நானும் விழுந்தால் உனக்கு ஆர் ஓடெறியச் சொல்லித்தாறது. எழும்பிச் சாப்பிட்டன்.

அத்தானுக்குப் போன மாதம் ஒரு கண்ணிலை பூவை வெட்டி எடுத்துப்போட்டினம். உன்ரை கடைசிக் கடிதத்தைத் தானே எழுத்துக் கூட்டி வாசிச்சவர். "கண்ணை மூடிக்கொண்டு" எண்ட இடத்திலை நிப்பாட்டி, "உவனுக்குக் கை சரியாய் வந்திட்டுது, வாய் எப்பவும் சரிதான்" எண்டார். மற்றக் கண் தையிலை வெட்டுவினம்.

அந்தக் கிழவிக்கு எங்களுடைய நன்றியைச் சொல்லு. அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் ரியூப் வாங்கிப் பூட்டிக் குடு.

எட்டுத் தத்து வரேக்கை எழுது. மூண்டு நான் ஆறு வயதிலை எறிஞ்சது.

அக்கா


ரொறன்ரோ
26.10.1997

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் சுகம். மூண்டு கிழமை வேலை செய்திட்டன். பட்டியை நிப்பாட்டிப்போட்டுத்தான் கை வைக்கிறன்.

இதை ஒருத்தரும் எழுதித் தரேல்லை. கமலா குசினியிலை நிக்கிறா. இந்தப் பத்து வரிக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. எழுத்துக் கோழி கிளறின மாதிரித்தான். சின்னவிரல் பேப்பரிலை படாமல் தூக்கிக்கொண்டு நிக்குது, ஏதோ பெரிய மனுசர் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி.

நேற்று, பனி ஏரியை மூடமுதல் கடைசிப் பயணம். நாலு தத்து.

அத்தான் ஒற்றைக் கண்ணாலை இந்த எழுத்தோடை மல்லுக்கட்ட வேண்டாம். மரியம்மா ரீச்சரைக் கூப்பிடுங்கோ. முத்தத்திலை இருத்தி வாசிக்கச் சொல்லுங்கோ. மூண்டு வீட்டுக்கும் கேக்கட்டும்.

சீனி